கெடு யாருக்கு?

சிறு வணிகர் காலையிலிருந்து இரவுவரை விற்பவராக மட்டும் இருப்பதில்லை. மளிகைக் கடைக்காரர் ஏஜென்சியிடம் சரக்கு எடுக்கிறார், வங்கியில் நடப்புக் கணக்கு வைத்திருக்கிறார், மின்வாரியத்துக்கு வணிகக் கட்டணம் கட்டுகிறார், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை தருகிறார். இத்தனை இடங்களிலும் அவர் வாடிக்கையாளர். ஒரு தெருவுக்கே சேவை செய்பவர், பல நிறுவனங்களிடம் சேவை கேட்டுக் காத்திருப்பவராகவும் இருக்கிறார். தெருவிலிருந்து வரும் தொல்லைக்கு முகம் உண்டு. பேசித் தீர்க்கலாம், சண்டை போட்டும் தீர்க்கலாம். நிறுவனத்திலிருந்து வரும் தொல்லைக்குப் புகார் எண் மட்டுமே உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சிறு வணிகர் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் கெடு வைத்திருக்கிறார். அவருக்குச் செய்ய வேண்டியவர்களுக்கு வைக்கப்பட்ட கெடுக்கள் குறைவு. இருப்பவையும் அவருக்குத் தெரிவதில்லை.

தெருவின் தொல்லைகளில் மூத்தது கடன். கேட்பவர் அதைக் கடன் என்று சொல்வதில்லை, “அண்ணாச்சி, கணக்குல எழுதிக்கங்க” என்பார். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகை தொங்கும் கடையிலும் அதன் கீழேயே கடன் நோட்டு கிடக்கும். மாதச் சம்பளக்காரர் முதல் தேதியில் தீர்ப்பார், வாரக்கூலிக்காரர் சனிக்கிழமை தீர்ப்பார் என்ற நம்பிக்கையில் சரக்கு போகிறது. தீர்க்க முடியாதவர் மெல்லக் கடைப்பக்கம் வருவதை நிறுத்துவார். அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கத் தொடங்குவார். எண்ணூறு ரூபாய் பாக்கியோடு ஒரு குடும்பத்தின் வியாபாரமும் போய்விடும். இது தெரிந்தே பல கடைக்காரர்கள் பாக்கியைக் கேட்டு நெருக்குவதில்லை.

சட்டம் இங்கே கொஞ்சம்தான் உதவும். ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகம் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுபடும். ஆனால் அதை மட்டும் காட்டி ஒருவர்மீது கடனைச் சுமத்த முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொன்ன இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 28-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு. அதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். நோட்டில் ஒரு கையெழுத்து இருந்தால் போதும் என்றாலும் அதைக் கேட்கும் கடைக்காரர் அரிது. கேட்டால், “நம்மள நம்பலையா?” என்று வரும் பதிலுக்கு அவரிடம் மறுமொழி இல்லை.

அடுத்தது சில்லறை. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கிளைக் கதையே உண்டு: பத்து ரூபாய் நாணயம். அது செல்லாது என்ற வதந்தி பரவி, பல ஊர்களில் அதை யாரும் கைநீட்டி வாங்காத நிலை வந்தது. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரி 17-இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. சந்தேகம் கேட்க 14440 என்ற எண்ணையும் வைத்தது. அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது, வதந்தி தெருவிலேயே இருந்தது. வாடிக்கையாளர் நாணயம் கொடுத்தால் கடைக்காரர் வாங்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் மொத்தம் ஆயிரம் ரூபாய்வரை செல்லுபடியாகும். அதே நாணயத்தை மீதிச் சில்லறையாகக் கொடுத்தால் அடுத்த வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். வங்கிக்குக் கொண்டுபோனால் எண்ண ஆள் இல்லை என்கிறார்கள். மூன்று பக்கமும் சட்டம் ஒன்றேதான்; நாணயம் தேங்குவது நடுவில் இருப்பவரின் கல்லாவில். கைப்பேசிப் பணம் வந்தபின் சில்லறைச் சண்டை குறைந்திருக்கிறது, அது உண்மை. அதற்குப் பதிலாக வந்த தொல்லைகள் பின்னால் வருகின்றன.

வாடிக்கையாளரின் குறைகள் எல்லாமே வீண் வம்பு என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. அது சரியில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதில் அச்சடிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாள். ரசீதே கொடுக்காமல் விடுவதும் அதே வகையில்தான் சேரும். ஆகவே அந்த அச்சடித்த வரி, சட்டத்தின் முன் கடைக்காரரைக் காப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கிறது. குறை இல்லாத புடவையை நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது வேறு. அதை ஏற்பதும் மறுப்பதும் கடையின் விருப்பம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் பலகை ஒன்றைக் கல்லாவருகே வைத்தாலே பாதி வாக்குவாதம் குறையும்.

கல்லாவின் மறுபக்கத்தில் முதலில் நிற்பவர் ஏஜென்சியின் லைன் சேல்ஸ்மேன். வாரம் ஒருமுறை வருவார், ஆர்டர் எடுப்பார், மாத இலக்கு முடியாத கடைசி வாரத்தில் கேட்டதற்கு மேல் இரண்டு பெட்டி தள்ளிவிட்டுப் போவார். காலாவதியானதையும் உடைந்ததையும் “அடுத்த பில்லுல கழிச்சிக்கலாம்” என்பார். அந்த வாக்குறுதி வாயால் தரப்படுவது. மூன்று மாதத்தில் சேல்ஸ்மேன் மாறிவிடுவார். புதியவருக்குப் பழைய பேச்சு தெரியாது. கடையின் பின்னறையில் டேமேஜ் பெட்டி மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். குளிர்பான நிறுவனம் கொடுத்த குளிர்பெட்டி இன்னொரு வகை. உள்ளே அந்த நிறுவனத்தின் பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்க்க ஆள் தவறாமல் வருவார். பெட்டி பழுதானால் வரும் ஆளுக்குத்தான் நாள் குறிக்க முடியாது. மின்கட்டணமோ கடையின் கணக்கில்.

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இந்த உறவின் இழுபறி நாடு முழுவதும் ஒரே நாளில் வெளிப்பட்டது. சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவை 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கின. காலையிலேயே வாடிக்கையாளர் குறைந்த விலை கேட்டார். அலமாரியில் இருந்ததோ பழைய விலை அச்சிட்ட, பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு. வித்தியாசத்தைக் கிரெடிட் நோட்டாக நிறுவனம் தர வேண்டும், அது ஏஜென்சி வழியாக வர வேண்டும். முறையான பதிவு பெற்ற கடைக்கு, கட்டிய வரி உள்ளீட்டு வரவாகவாவது கணக்கில் நிற்கும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிவரை உள்ள வணிகருக்கான இணக்கத் திட்டத்தில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரவே கிடையாது. கிரெடிட் நோட்டு வரும்வரை அந்த வித்தியாசம் அவர் கைப்பணம். விலைக் குறைப்பின் முழுப் பலனும் நுகர்வோரைச் சேர வேண்டும் என்று விளம்பரங்கள் சொல்லின. அதை முதல் நாள் யார் கையிலிருந்து தருவது என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

பொருள் செய்து பெரிய நிறுவனங்களுக்குக் கொடுப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். கோவையின் லேத் பட்டறை, திருப்பூரின் தையல் யூனிட், அம்பத்தூரில் உதிரிபாகம் கடையும் சிறு ஆலை ஆகிய எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: பேமென்ட். சரக்கு போய் மூன்று மாதமாகியும் பணம் வராது. கூப்பிட்டால் கணக்குப் பிரிவு கொள்முதல் பிரிவைக் கைகாட்டும், கொள்முதல் பிரிவு தர ஆய்வைக் கைகாட்டும். வாரக்கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மின்கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு. பெரியவர் பணத்துக்கு மட்டும் தேதி கிடையாது.

தேதி உண்டு என்றுதான் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. குறு அல்லது சிறு தொழிலிடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள், பொருளை ஏற்றதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பொருளில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆறாவது மாதம் பணம் கேட்கும்போது திடீரெனத் தரக்குறை கண்டுபிடிக்கும் வழக்கத்துக்கு இந்த ஒரு விதி போதுமான மருந்து, பட்டறைக்காரருக்கு அது தெரிந்திருந்தால். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு உள்ளவர் இதற்கான இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அது மாநிலத்தின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இந்த மன்றங்கள் இயங்குகின்றன. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும்.

தாளில் இதைவிட வலுவான பாதுகாப்பு வேறு எந்த நாட்டுச் சிறு தொழிலுக்கும் எளிதில் கிடைக்காது என்றே தோன்றும். நடப்பில் புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதுதான் கேள்வி. நான்கு ஆர்டரில் மூன்றை ஒரே நிறுவனத்திடம் பெறும் பட்டறை, அந்த நிறுவனத்தை மன்றத்துக்கு இழுப்பதில்லை. உறவு முறிந்தபின், தொழிலை மூடும் நிலையில்தான் பலர் புகார் எழுதுகிறார்கள். சிறியவர் புகார் தராமலேயே பெரியவர் பணம் தர வேண்டிய கட்டாயத்தை உண்டாக்க, 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. கெடுவுக்குள் தராத தொகையை, அதை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இது 2024 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தது. அதற்கு முன்பே ஜவுளி வட்டாரங்களில் எதிர்ப்பு எழுந்தது, அதுவும் சிறியவர்களிடமிருந்தே. வாங்குபவர்கள் 45 நாள் தொல்லை இல்லாத நடுத்தர ஆலைகளுக்கோ பதிவில்லாதவர்களுக்கோ போய்விடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். பாதுகாப்பே ஆர்டரை விரட்டும் என்று பயப்படும் நிலை, பேரம் பேசும் வலிமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பும் இல்லை. 2021 ஜூலையிலிருந்து அவர்கள் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே.

வங்கிக் கிளைகளில் வாடிக்கையாளரின் பெருமையைச் சொல்லும் பலகை ஒன்று காந்தியின் பெயரில் தொங்குவதுண்டு. 1890-இல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்ற குறிப்பும் சிலவற்றில் இருக்கும். 1890-இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்கா போனது 1893-இல். அந்தப் பலகையின் கீழ் நிற்கும் கடைக்காரர் வந்திருப்பது பெரும்பாலும் பிடித்தம் பற்றிக் கேட்க. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு ஒரு பிடித்தம், இலவச வரம்புக்கு மேல் ரொக்கம் செலுத்தியதற்கு ஒரு பிடித்தம், அனுப்பிய குறுஞ்செய்திக்கு ஒரு பிடித்தம். ஒவ்வொன்றும் சிறிது. கேட்கப் போனால் கடையை அரை நாள் பூட்ட வேண்டும் என்பதால் கேட்காமல் விடப்படுபவை. ஒருவர் மட்டும் நடத்தும் கடையில் இந்த அரை நாள்தான் எந்தப் புகாருக்கும் உண்மையான கட்டணம்.

கைப்பேசிப் பணத்தின் தொல்லைகள் புதியவை. 2016-இல் வந்த யுபிஐ, 2020 ஜனவரி முதல் வணிகருக்குக் கட்டணமில்லாமல் நடக்கிறது. இந்தியச் சிறு கடைகளுக்குக் கிடைத்த பெரிய வசதிகளில் அது ஒன்று என்பதை மறுக்க முடியாது. சிக்கல், பணம் நடுவழியில் நிற்கும்போது. வாடிக்கையாளரின் திரை ‘போய்விட்டது’ என்கிறது, கடையின் பெட்டி பேசவில்லை. கூட்ட நேரத்தில் வரிசை நிற்கிறது, இருவரும் பொய் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்து கடைக்கு வராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த இழப்பீடு பணம் கழிந்த வாடிக்கையாளருக்கு. நம்பிச் சரக்கைக் கொடுத்தனுப்பிய கடைக்காரருக்கு எதுவும் இல்லை. அவர் வாடிக்கையாளரின் நேர்மையை நம்பித்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நம்பிக்கை வீண்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடுமையானது கணக்கு முடக்கம். இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் தருகிறார். மோசடிப் பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனது என்று காவல்துறை தேடுகிறது. அந்தச் சங்கிலியின் நான்காவது ஐந்தாவது கண்ணியில் ஒருவர் கடையில் அரிசி வாங்கிப் பணம் அனுப்பியிருந்தால், கடையின் கணக்கும் முடங்கக்கூடும். புகார் பதிவான ஊர் வேறு மாநிலத்தில் இருக்கும். வங்கி, காவல்துறையைக் கேளுங்கள் என்கிறது. காவல்துறையின் எண்ணை யாரும் எடுப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்காக முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் கூறியுள்ளன. உயர் நீதிமன்றம்வரை போக முடிந்தவருக்குக் கிடைத்த தீர்வு அது.

வங்கியின் குறைகளுக்கு எளிய வழியும் உண்டு. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, 2021 நவம்பர் 12-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் ரிசர்வ் வங்கியிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இணையதளத்திலேயே பதியலாம். வணிகக் கணக்கு என்பதற்காக அங்கே புகார் தள்ளப்படுவதில்லை. கடன் தருவதா மறுப்பதா போன்ற, வங்கியின் வணிக முடிவுகளை மட்டும் குறைதீர்ப்பாளர் தொடமாட்டார். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்த புகாருக்கு 30 நாள் எண்ணப்படாது என்பதை அறியாமல் பலர் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தொலைபேசிச் சேவை மையங்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தமிழுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுபடுவதுவரை எல்லாரும் அறிந்தது. வணிகருக்கு மட்டும் உரிய துன்பம் ஒன்று உண்டு. கடையில் ஆள் நிற்கும் நேரம்தான் சேவை மையம் திறந்திருக்கும் நேரமும். காதில் பதிவுக்குரல், எதிரில் கால் கிலோ பருப்பு கேட்பவர். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி, இணைய இணைப்பு வராமலேயே வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தர வேண்டும். தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லையெனில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அது 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கு மின்னகம் என்ற 24 மணிநேர மையம் 2021 முதல் இயங்குகிறது. அதில் தீராத பில் தகராறுக்கு ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றியவருக்குத் தனி இணைப்பும் வணிகக் கட்டணமும் வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் 100 யூனிட் சலுகை கடைக்கு இல்லை. இதை முன்கூட்டிச் சொல்பவர் யாரும் இல்லை. ஆய்வுக்கு வருபவர் அபராதத்தோடு சொல்கிறார்.

வரித்துறையில் கெடுக்களின் ஒருபக்கத்தன்மை முழுமையாகத் தெரியும். ஜிஎஸ்டியில் மாதந்தோறும் கணக்குத் தருபவர் விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள்ளும், வரிச் சுருக்கத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் பதிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய். இணையதளம் திணறினால்? 2025 ஜனவரியில் கடைசி நாள் நெருங்கும்போது தளம் முடங்கியது. விற்பனை விவரத்துக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தது. இதைவிட எரிச்சலூட்டுவது, அடுத்தவர் தவறுக்குப் பொறுப்பேற்பது. 2022 ஜனவரி 1 முதல், சரக்கு விற்ற ஏஜென்சி தன் பதிவில் அந்தப் பில்லைக் காட்டினால்தான் வாங்கிய கடைக்கு உள்ளீட்டு வரவு கிடைக்கும். வரியைப் பில்லோடு சேர்த்துக் கொடுத்தாயிற்று, பில்லும் கையில் இருக்கிறது. ஏஜென்சியின் கணக்கர் பதிய மறந்தால் கடை மீண்டும் கட்ட வேண்டும். மாதந்தோறும் 14-ஆம் தேதிவாக்கில் சிறு வணிகர்களின் கணக்காளர்கள் செய்யும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதி இதற்காகவே.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது இன்னொரு வகை. யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து, பதிவு வரம்பைத் தாண்டியதாகச் சிறு கடைகளுக்கு வணிகவரித் துறை அறிவிப்பு அனுப்பியது. வரி விலக்குள்ள காய்கறியும் பாலும் விற்றவர்களுக்கும் அறிவிப்பு வந்தது. உறவினர் அனுப்பிய கைமாற்றும் விற்பனையாகவே எண்ணப்பட்டது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். ‘ரொக்கம் மட்டும்’ என்ற பலகைகள் பெங்களூருவில் மீண்டும் தொங்கின. பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதல்வர் அறிவித்தபின் பிரச்சினை அடங்கியது. பொருள் விற்பவருக்கு ஆண்டு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற வரம்பைக் கடந்தால் பதிவு வேண்டும் என்பது பழைய விதிதான். ரொக்கத்தில் தெரியாமல் இருந்தது, திரையில் தெரிந்துவிட்டது.

இணையச் சந்தைகளில் விற்பவர்களின் குறைகளுக்குத்தான் இன்னும் வாசலே சரியாக அமையவில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் புகாரை 48 மணிநேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். விற்பவரின் புகாருக்கு அப்படியொரு கெடு அந்த விதிகளில் இல்லை. அனுப்பிய புதுச் செருப்பு பழைய செருப்பாகத் திரும்பி வருகிறது. பார்சல் வந்ததும் பணம் தருவதாகச் சொன்னவர் கதவைத் திறக்காததால் பார்சல் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது, போக்குவரத்துச் செலவு விற்றவர் தலையில். திரும்பிய பெட்டியைப் பிரிப்பதைக் காணொலியாக எடுத்துவைப்பது இப்போது பலருக்கு அன்றாட வேலை. உணவகங்களின் நிலையும் இதுவே: யார் சாப்பிட்டார் என்பது உணவைக் கொண்டுசேர்க்கும் தளத்துக்குத் தெரியும், சமைத்தவருக்குத் தெரியாது. தேசிய உணவகச் சங்கத்தின் புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் சொமாட்டோ, ஸ்விக்கி ஆகியவற்றின்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது 2022 ஏப்ரலில். நட்சத்திர மதிப்பீடுகளில் பொய் கலப்பதைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதே ஆண்டு ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது; பின்பற்றுவது அவரவர் விருப்பம்.

கடைசியாக, சிறு வணிகர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற கேள்வி. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரல் 4-இல் ஒரு கோவை எந்திரத்தின் வழக்கில் விளக்கியது. பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் கணினிக் கட்டுப்பாட்டுக் கடைசல் எந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், தாமதத்துக்கும் குறைகளுக்கும் இழப்பீடு கேட்டது. எந்திரத்தின் விலையையும் தொழிலின் அளவையும் பார்த்த நீதிமன்றம், இது பிழைப்புக்கான சுயதொழில் அல்ல என்று தள்ளியது. அதே தீர்ப்பில், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர், தட்டச்சுப்பொறி வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் ஆகியோர் நுகர்வோர்தான் என்றது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. தையல் எந்திரம் வாங்கிய தையற்காரருக்கும், மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கிய சிறு கடைக்காரருக்கும் இந்த வரி ஒரு பிடிமானம்.

சேவைகளில் அந்தப் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. 2019-க்கு முந்தைய சட்டம் ‘வணிக நோக்கம்’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் பொருள்களோடு சேவைகளும் சொல்லப்பட்டிருந்தன. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள்கள் மட்டுமே உள்ளன. பங்குத் தரகர் ஒருவர் தொழிலுக்காக வாங்கிய ஓவர்டிராஃப்ட் வணிக நோக்கத்துக்கானதே என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வங்கி, தொலைபேசி, மின்சாரம் ஆகியவற்றின் குறைகளுக்கு அந்தந்தத் துறையின் குறைதீர்ப்பாளரே வணிகருக்கு உறுதியான இடம்.

ஆணையத்துக்குப் போகத் தகுதியுள்ளவர் குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே பதியலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் ஆணையத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. பல மாவட்டங்களில் வழக்குகள் அதைத் தாண்டியே ஓடுகின்றன. விசாரணை பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே நடக்கும். நேரிலோ காணொலி வழியாகவோ பேச விரும்புபவர் தனியே விண்ணப்பம் தர வேண்டும். போதிய காரணம் இருந்தால் ஆணையம் அதை எழுத்தில் பதிந்து அனுமதிக்கும். ரசீது, புகார் எண், அனுப்பிய கடிதத்தின் நகல், வந்த குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை அந்தந்த நாளிலேயே எடுத்துவைத்தவர் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டிய நாள்கள் அந்த அளவுக்குக் குறையும்.